புதுச்சேரிக்குப் போன பெட்டி

கோடம்பாக்கம், சென்னை
20-8-1960

அன்புத் தங்கை தனக்கொடிக்கு, அண்ணன் நாராயணசாமி ஆசி கூறி எழுதுவது.

நானும் உன் அண்ணி சுலோசனாவும் சுகமாக இருக்கிறோம். உனக்கும் மாப்பிள்ளை ஜானகிராமனுக்கும் உடம்பு எப்படி? மாப்பிள்ளையின் முழங்கால் வலி தேவலையா? மில்லில் ராத்திரி ஷிப்டு வேண்டாமென்று கேட்கச் சொன்னேனே, கேட்டாரா இல்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. என் ‘சாட்சி இல்லாத பகல்’ நாவலைச் சினிமாவாக எடுக்கிறார்கள்! மூன்று வருஷமாக அந்தப் புத்தகம் பதிப்பாளரின் கிடங்கில் கரையானுக்குத்தான் பயன்பட்டது. படக் கம்பெனி முதலாளி படிக்கவில்லை, அவர் சம்சாரம் படித்துவிட்டு அழுதிருக்கிறாள். அந்த அழுகை என் தலையெழுத்தையே மாற்றிவிட்டது. திரைக்கதை, வசனம் எல்லாம் நானே எழுதவேண்டும். நான்கு நாவல் எழுதி ஒருத்தருக்கும் தெரியாமல் கிடந்தவன் பெயர் இனி வெள்ளைத் துணியில் ஆள் உயரத்துக்கு வரப்போகிறது.

தினமும் கதை டிஸ்கஷன் நடக்கிறது. ஒரு அறையில் எட்டுப் பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்து என் கதையை ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள். முதலில் கோபம் வந்தது. இப்போது எனக்கே அந்த இழுப்பு பிடித்துப்போய்விட்டது.

நீ முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. அந்த விஷயத்தைப் பற்றி உனக்குத் துளிப் பயமும் வேண்டாம். நாவலில் ஊரை மாற்றினேன், பேரை மாற்றினேன், படத்திலும் அப்படியேதான். தெருவில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல். மாப்பிள்ளைக்குத் தனியாக எழுதிப் போட்டிருக்கிறேன், அவர் இந்நேரம் மில் பூராவும் சொல்லியிருப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அண்ணன்,
நாராயணசாமி

---

முதலியார்பேட்டை, புதுச்சேரி
2-9-1960

அண்ணனுக்குத் தங்கை தனக்கொடி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே அவர் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ராத்திரி ஷிப்டும் அப்படியேதான். அண்ணியின் இருமல் நின்றதா? நான் சுகமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதைக் கடிதத்தில் எழுதக்கூடாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எழுதாமல் எப்படிச் சொல்லுவேன்? பஸ் ஏறி வருவதென்றால் எதற்கென்று அவர் கேட்பார். அவருக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. உங்களுக்கு மறந்துவிட்டதோ என்னவோ, ஒரு தடவை எழுதிவிடுகிறேன். படித்ததும் அடுப்பில் போடுங்கள்.

பிரெஞ்சுக்காரன் போவதற்கு முன்னால், அந்த ஐம்பத்துநாலு கலாட்டாவில், நம் தெருக் கன்னியம்மாள் மகன் வடிவேலை ரவுடிகள் அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்றுதான் ஊரே சொல்கிறது. ரவுடியும் இல்லை, ஒருவரும் இல்லை. நம் வீட்டுக்குப் பின்னால் பாழாய்க் கிடக்கும் செக்குக் கொட்டகையில், பட்டப்பகலில், கூடவே விடுதலைக் கொடி பிடித்துத் திரிந்த கோவிந்தசாமிதான் பின்னாலிருந்து இரும்புத் தடியால் அடித்தார். “பொலீசுக்கு நீதான் துப்பு சொல்றேன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சி”ன்னு வடிவேல் கத்தினதும் என் காதில் விழுந்தது. நான் மொட்டை மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தேன். தும்மல் வந்தது. தும்மினால் என் கதையும் முடிந்ததென்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கம் சுருண்டுகொண்டேன். நம் வரிசையில் மாடி இருப்பது நம் வீட்டுக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் ஓடும் கூரையும்.

யாரோ பார்த்தார்கள் என்பதே கோவிந்தசாமிக்குத் தெரியாது. அதனால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். உங்களிடம் ஒருத்தரிடம் சொன்னேன். அழுது தீர்க்கத்தான் சொன்னேன், நீங்கள் புத்தகமாக எழுதுவதற்கு இல்லை. போகட்டும், புத்தகம் வந்தது, நம் தெருவில் ஒரு குஞ்சும் படிக்கவில்லை. சினிமா அப்படியா அண்ணே? கறிகாய் விற்கிறவள் முதல் பொலீஸ் கொமிசேர் வீட்டு அம்மா வரைக்கும் பார்ப்பார்களே!

நேற்று கோவிந்தசாமி அண்ணன் வாசலில் வந்து நின்றார். இப்போது அவர் பெரிய மனிதர். “இன்னா தங்கச்சி, உங்கண்ணன் சினிமாவுக்குக் கத எழுதறாராமே! நம்ம தெருவுக்கே பெரும. படம் வந்தா மொத நாள் தெரு மொத்தத்தையும் நான் இட்டுக்கினு போறேன்” என்றார். என் கையிலிருந்த மோர்ச் செம்பு கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் கதையை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். உங்களுக்கா வேறு கதை வராது?

இப்படிக்கு,
தனக்கொடி

---

கோடம்பாக்கம்
28-9-1960

அன்புத் தங்கைக்கு,

இங்கு அனைவரும் சுகம். அண்ணியின் இருமல் நின்றுவிட்டது. உன் கடிதத்தை நீ சொன்னபடியே அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது அம்மா. இனி வேண்டாமென்றால் கோடம்பாக்கத்தில் ஒருவனும் என்னை வாசற்படி ஏற்ற மாட்டான். பள்ளிக்கூட வேலையையும் விட்டுவிட்டுத்தானே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்?

நிதானமாக யோசித்துப் பார். படத்தில் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். செக்குக் கொட்டகை இல்லை, மாட்டுக் கொட்டகை. அரசியலே கிடையாது, தண்ணீர்த் தகராறு. கூட்டாளி கூட்டாளியைக் கொல்லும் கதை உலகத்தில் இது ஒன்றுதானா? கோவிந்தசாமி பார்த்தாலும் பாட்டையும் சண்டையையும் பார்த்துவிட்டு சோடா குடித்துவிட்டுப் போவார்.

அதைவிட முக்கியம், நாவலில் பார்த்தவர் என்று யாருமே இல்லை. படத்திலும் இல்லை. கொலைகாரன் கடைசியில் தன் மனசாட்சி உறுத்தித் தானே போய்ச் சொல்லிவிடுகிறான். இது உனக்கு நான் செய்யும் சத்தியம். மாடியும் கிடையாது, மிளகாயும் கிடையாது, நீயும் கிடையாது. போதுமா?

ஒழுங்காகச் சாப்பிடு. நீ இளைத்துப்போனால் மாப்பிள்ளை என்னைத்தான் திட்டுவார்.

உன் அண்ணன்,
நாராயணசாமி

---

முதலியார்பேட்டை
2-11-1960

அண்ணனுக்கு வணக்கம்.

நாங்கள் சுகம். நீங்கள் செய்த சத்தியத்தை நம்பித்தான் தீபாவளிக்கு எண்ணெய் வைத்துக் குளித்தேன். அண்ணிக்கு என் அன்பு.

நேற்று விடுதலை நாள். வழக்கம்போல் தெருமுனையில் வடிவேல் பேரில் நட்ட கம்பத்தில் கோவிந்தசாமி அண்ணன்தான் கொடி ஏற்றினார். “என் உயிர்த் தோழன் சிந்தின ரத்தம்” என்று பேசும்போது நிஜமாகவே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்னியம்மாளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். அந்த அம்மா இவரை மகனே என்றுதான் கூப்பிடுகிறாள். அரிசி பருப்பெல்லாம் இவர் வீட்டிலிருந்துதான் போகிறது. மிட்டாய் கொடுத்தார்கள், நானும் கையை நீட்டி வாங்கினேன். என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார். “படம் இன்னா கததான் தங்கச்சி? சும்மா சொல்லேன், நான் யாருகிட்ட சொல்லப்போறேன்” என்றார். “குடும்பக் கதைன்னு சொன்னாரு அண்ணே, அதுக்குமேல எனக்குத் தெரியாது” என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, “நீ எதத்தான் தெரிஞ்சிவெச்சிருக்க” என்று சொல்லிவிட்டுப் போனார். சாதாரணமாகச் சொன்னாரா, உள்ளே ஏதாவது வைத்துச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை.

இப்போதெல்லாம் மாடிக்குப் போகவே கால் வரவில்லை. மிளகாயை வாசலிலேயே காயவைக்கிறேன். “நாய் வாய் வைக்குது, மாடிக்கு என்ன கேடு?” என்று உங்கள் மாப்பிள்ளை திட்டுகிறார்.

இப்படிக்கு,
தனக்கொடி

---

கோடம்பாக்கம்
11-2-1961

தங்கைக்கு,

சுகம். தீபாவளிக்குப் பிறகு நீ போட்ட மூன்று கடிதங்களும் கிடைத்தன. பதில் போட நேரமில்லை. ஷூட்டிங் ஆரம்பித்தாயிற்று. காலையில் போனால் வீடு திரும்ப நேரம் காலம் கிடையாது. பொங்கலுக்கு அனுப்பிய சேலை வந்ததா? அண்ணி பார்த்து எடுத்தது.

படத்தின் பெயரை மாற்றிவிட்டார்கள். பழைய பெயர் நாவல் வாசனை அடிக்கிறதாம். அதைப் பற்றி நீ ஒன்றும் கவலைப்படாதே. மற்றவை பிறகு.

நாராயணசாமி

---

முதலியார்பேட்டை
9-3-1961

அண்ணனுக்கு,

சேலை வந்தது. நல்ல சேலை. இன்னும் பிரிக்கவில்லை.

புதுப் பெயர் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. நேற்று உங்கள் மாப்பிள்ளை ஒரு சினிமாப் பத்திரிகையோடு வந்து, “பாத்தியா உங்கண்ணன் படம்!” என்று நீட்டினார். ‘சாட்சி சொன்ன சாரதா’ என்று போட்டிருந்தது. யார் அண்ணே அந்தச் சாரதா? சாட்சியே கிடையாது என்று சத்தியம் செய்தீர்களே?

பக்கத்தைத் திருப்பினால் ஒரு போட்டோ. நடிகை மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரோரம் குந்தியிருக்கிறாள். முந்தானை வாயில் இருக்கிறது. பக்கத்தில் முறம், முறத்தில் மிளகாய். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. “என்னாடி ஆச்சு?” என்று அவர் தண்ணீர் தெளித்தார். பித்தம் என்று சொன்னேன். பத்திரிகையை அடுப்பில் போட்டுவிட்டேன், இன்னும் பார்க்காதவர்கள் கடையில் வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்ன?

பேரை மாற்றினீர்கள், ஊரை மாற்றினீர்கள், என்னை மட்டும் அப்படியே தூக்கி வைத்துவிட்டீர்களே! யார் சொல்லி வைத்தார்கள்? அந்த டைரக்டரா? அவருக்குத் தும்மல் எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் கோவிந்தசாமியாக இருக்குமோ என்று தோன்றுகிறது. உடனே பதில் போடுங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

தனக்கொடி

---

கோடம்பாக்கம்
16-5-1961

அன்புள்ள தனக்கொடிக்கு அண்ணி சுலோசனா எழுதுவது.

நாங்கள் சுகமாகத்தான் இருக்கிறோம், உன் சுகம்தான் தெரியவில்லை. உன் அண்ணன் உனக்குப் பதில் எழுத உட்காருவார், இரண்டு வரி எழுதுவார், கிழிப்பார். இரண்டு மாதமாக இதே கூத்து. பொறுக்காமல் நானே எழுதுகிறேன். அவருக்குத் தெரியாது.

உன்னிடம் மூடிமறைக்க எனக்கு வராது. டைரக்டர் ஒன்றும் கேட்கவில்லை. சாட்சி வேண்டும், அதுவும் பெண்ணாக இருந்தால் கோர்ட் சீன் நன்றாக இருக்கும் என்று மட்டும்தான் டிஸ்கஷனில் பேசினார்களாம். ஜன்னல் வழியாகப் பார்த்தாள், மரத்துக்குப் பின்னாலிருந்து பார்த்தாள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்களாம். எதுவும் நிற்கவில்லை. இப்படியே போனால் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்கிறோம் என்று முதலாளி வாய்விட்டே சொல்லிவிட்டார். அன்றைக்கு உன் அண்ணன் வாய் தவறிச் சொன்னதுதான் மாடி, மிளகாய், தும்மல் எல்லாம். எட்டுப் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். வீட்டுக்கு வந்து என் மடியில் தலையை வைத்து, “தங்கச்சியை வித்துட்டேண்டி” என்று அழுதார். மறுநாளே அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். படமே அந்த ஒரு காட்சியில்தான் நிற்கிறது, போய்யா என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நீ கொஞ்ச நாள் இங்கே வந்து இரேன். மாப்பிள்ளையிடம் என் உடம்பைச் சாக்காகச் சொல்.

அன்புள்ள,
சுலோசனா

---

முதலியார்பேட்டை
3-6-1961

அண்ணிக்கு வணக்கம். கடிதம் கிடைத்தது. நான் வரவில்லை. திடீரென்று ஊரைவிட்டுப் போனால் ஏன் போனாள் என்று கோவிந்தசாமி யோசிப்பார். அண்ணனிடம் நான் எதுவும் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

தனக்கொடி

---

கோடம்பாக்கம்
24-1-1962

என் அருமைத் தங்கை தனக்கொடிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நாங்கள் சுகம். பத்து மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் நியாயம்தான். ஆனால் இந்தக் கடிதத்தை மட்டும் முழுக்கப் படித்துவிடு.

பொங்கலுக்குப் படம் வெளிவந்து சக்கைப்போடு போடுகிறது. அந்தப் பெண் மாடியில் தும்மலை அடக்கும்போது தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்படவில்லை, வெளியே போய் நின்றுவிட்டேன். நம்பினால் நம்பு.

நான் சும்மா இருக்கவில்லை. விநியோகஸ்தர் ஆபீசுக்கு நடையாய் நடந்து, ஊர் ஊராகப் படப்பெட்டியோடு போகிற ரெப்ரசென்டேடிவ்வைப் பிடித்தேன். நல்ல மனிதன். புதுச்சேரிக்குப் போகிற பெட்டியில் மாடிக் காட்சியை மட்டும் கத்தரித்து எடுத்துவிடக் கேட்டுக்கொண்டேன். என் கண் முன்னாலேயே வெட்டி ஒட்டினான். அந்தத் துண்டுப் பிலிமை என்னிடமே கொடுத்துவிட்டான். சாரதா கோர்ட்டில் வந்து ‘நான் பார்த்தேன்’ என்பாள். எங்கிருந்து, எப்படி என்பது உங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஓடி ஓடிப் பிலிம் அறுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். மாடி இல்லை, மிளகாய் இல்லை, நீ இல்லை. சொன்ன சொல்லை, கொஞ்சம் தாமதமாக, காப்பாற்றிவிட்டேன்.

பிப்ரவரிக் கடைசியில் அங்கே வருகிறதாம். கோவிந்தசாமி கூப்பிட்டால் போ. போகாமல் இருந்தால்தான் சந்தேகம். தைரியமாக உட்கார்ந்து பார்.

இனியாவது எனக்கு ஒரு வரி எழுது.

உன் அண்ணன்,
நாராயணசாமி

---

முதலியார்பேட்டை
27-2-1962

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை தனக்கொடி வணக்கம்.

இங்கே சுகம், நிஜமாகவே சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் சுகமா?

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்டத்துக்குக் கோவிந்தசாமி அண்ணன் சொன்னபடியே தெருவையே அழைத்துக்கொண்டு போனார். கன்னியம்மாளுக்கு ரிக்‌ஷா வைத்தார். நானும் உங்கள் மாப்பிள்ளையும் போனோம். பெண்கள் பக்கத்து பெஞ்சில் கன்னியம்மாள் என் தோளில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்தாள். உங்கள் பெயர் வந்தபோது நம் தெருப் பையன்கள் விசில் அடித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

படத்தில் மாட்டுக் கொட்டகைக்குள் கூட்டாளிகள் இரண்டு பேரும் நுழைந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். படக்கென்று ஒரு சத்தம், திரை வெள்ளையாக வெட்டி இழுத்தது, கண்ணைத் திறந்தால் சவ ஊர்வலம் போகிறது. “டேய் ஆபரேட்டரு, எத்தினி அடிடா முழுங்கின!” என்று ஒரே கூச்சல். அந்தக் கூச்சலில் நானும் சிரித்துவிட்டேன் அண்ணே. எத்தனை வருஷமாயிற்று அப்படிச் சிரித்து!

திரும்பும்போது கன்னியம்மாள், “அந்தப் பொண்ணு எங்கேந்து பாத்துச்சாம்? அத காட்டவே இல்லியே” என்று கேட்டாள். “சினிமாதானே ஆத்தா” என்றேன். அது மட்டும் மனசைக் குத்துகிறது. கோவிந்தசாமி அண்ணன் ஆண்கள் பக்கத்திலிருந்து வந்தார். எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார். நீங்கள் சொன்னபடியே ஆகிவிட்டது.

அன்று நன்றாகத் தூங்கினேன். பொங்கல் சேலையைப் பிரித்துக் கட்டிக்கொண்டேன். கோபத்தில் கடிதம் போடாமல் இருந்ததை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
தனக்கொடி

---

கோடம்பாக்கம்
5-3-1962

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை நானும் அண்ணியும் மாற்றி மாற்றிப் படித்தோம். நீ சிரித்தாய் என்ற இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த படத்துக்கும் கேட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை முழுக்க முழுக்கக் கற்பனை, அண்ணி தலைமேல் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். சித்திரையில் மாப்பிள்ளையோடு இங்கே வா, நான்கு நாள் இருந்துவிட்டுப் போகலாம். உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அண்ணன்,
நாராயணசாமி

---

முதலியார்பேட்டை
12-3-1962

அண்ணே,

சுகம் விசாரிக்க நேரமில்லை. இதை நிற்காமல் எழுதுகிறேன்.

இன்று காலை, அவர் ஷிப்டு முடிந்து வருவதற்கு முன்னால், கோவிந்தசாமி வந்தார். எப்போதும் வாசலோடு நிற்கிறவர் இன்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். மோர் கொடுத்தேன். குடிக்காமல் கீழே வைத்தார்.

“தங்கச்சி, பொங்கலுக்குக் கடலூர்ல மக வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கியே உங்கண்ணன் படத்த பாத்துட்டேன்” என்றார்.

அவர் கீழே வைத்த மோரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

“அங்க மாடியில ஒரு பொண்ணு மொளகா காயவெச்சிக்கினு பாக்குது. எனக்குத் திக்குன்னுதான் இருந்துச்சி. ரெண்டு நாள் சோறு தின்னல. அப்பறம் நானே சமாதானம் பண்ணிக்கினேன். சினிமான்னா மாடி இருக்கும், பொண்ணு இருக்கும், இதப்போயி பெருசு பண்ணிக்கினேனேன்னு விட்டுட்டேன். இங்க வந்து பாத்தா அந்த எடம் மட்டும் காணோம். பெட்டியோட வந்த ஆள புடிச்சி கேட்டேன். கத எழுதினவரே வந்து, புதுச்சேரிக்கு மட்டும் இத எடுத்துடுன்னு கெஞ்சினாருன்னு சொல்றான். கடலூர்க்காரன் பாக்கலாம், விழுப்புரத்துக்காரன் பாக்கலாம், நான் மட்டும் பாக்கக்கூடாதா? ஏன் தங்கச்சி?”

எனக்குத் தெரியாது என்றேன். “சரி, அப்ப உங்கண்ணனத்தான் கேக்கணும்” என்று எழுந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. உங்களை விட்டுவிடட்டும் என்றுதான், வேறு எதற்கும் இல்லை, “நான்தான் பாத்தேன். அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது” என்று சொல்லிவிட்டேன். எட்டு வருஷமாக வாயில் அடக்கிக்கொண்டிருந்ததைச் சொல்லியேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை அண்ணே. கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. “தெரியாமயா எழுதினாரு? அப்ப ரெண்டு பேரு” என்றார். “நீ வாயத் தொறக்காத பொண்ணு. இங்கதான இருக்கப்போற, எங்க போயிடப்போற. அவரு அப்டி இல்ல, எழுதறவரு. இன்னிக்கி மாடிய எழுதினவரு நாளைக்கி பேரையும் எழுதுவாரு” என்றார். விலாசம் கேட்டார், நான் கொடுக்கவில்லை. “கோடம்பாக்கத்துல போயி சாரதா படத்துக்குக் கத எழுதினவரு வீடு எதுன்னு கேட்டா சொல்ல மாட்டானா?” என்று சிரித்தார்.

உங்களுக்கென்று போட்டுவைத்திருந்த நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி அலமாரியில் இருந்தது. “அண்ணனுக்கா? குடு, நானே எடுத்துக்கினு போறேன்” என்று தானே எடுத்துக்கொண்டார். தடுக்கக் கை எழவில்லை. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பையோடு பஸ்ஸுக்கு நடந்தார், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் மச்சான் இராமதாஸ் தெருமுனைக் கம்பத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு நம் வீட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனைத் தாண்டித்தான் தந்தி ஆபீசுக்குப் போகவேண்டும்.

பால்காரி சின்னப்பொண்ணுவிடம் தந்திக்கு எழுதிக் கொடுத்தேன். “அய்யய்யோ, தந்தியா! யாரும்மா செத்தது?” என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டாள். இராமதாஸ் அந்தப் பக்கமிருந்து இரண்டு எட்டு இப்படி வந்தான். தாளை வாங்கிக் கிழித்துவிட்டேன். கடிதம் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், இதை அவள் பால் தூக்குக்கு அடியில் வைத்துக் கொண்டுபோய்ப் பெட்டியில் போடுவாள். உங்கள் கைக்கு நாளைதான் வரும். பஸ் இன்று சாயங்காலமே வந்துவிடும். அது தெரிந்தேதான் எழுதுகிறேன், எழுதாமல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

உங்கள் மாப்பிள்ளை ஷிப்டு முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். பிறகு கன்னியம்மாளிடம் போய்ச் சொல்லுவேன். இராமதாஸ் தடுத்தால் தடுக்கட்டும்.

அண்ணே, முதலியார்பேட்டையிலிருந்து வருகிறேன், தனக்கொடி அனுப்பினாள் என்று சொல்லி யார் கதவைத் தட்டினாலும் திறக்காதீர்கள். கையில் என் ஊறுகாய் ஜாடி இருக்கும். அண்ணி பார்த்தால் சந்தோஷத்தில் ஓடிப்போய்த் திறந்துவிடுவாள், அவளிடமும் சொல்லுங்கள். நான் யாரையும் அனுப்பவில்லை.

தனக்கொடி